ரவிக்கை விஷயமாக நீ கேட்டதற்கு

மீனாட்சிபுரம்,
பவ வருஷம் ஆனி மாதம், திங்கட்கிழமை.

அன்புள்ள மகன் ஈஸ்வரமூர்த்திக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அய்யனும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்கிறோம், அதுபோலவே நீயும் மருமகள் தெய்வானையும் அவள் வயிற்றில் இருக்கிற உயிரும் பம்பாயில் சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து விடாமல் அடிக்கிறது, தூறல் உண்டு, மழை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் மேற்குக் காட்டில் நிலக்கடலை முளைத்துவிட்டது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அது என்னைத் தவிர யாரையும் மடியில் கை வைக்க விடுவதில்லை, நான் பம்பாய் புறப்பட்டுவிட்டால் அதை யார் கறப்பது என்று உன் அய்யனுக்கு இப்போதே கவலை வந்துவிட்டது. அவருடைய முழங்கால் வலி பரவாயில்லை, எண்ணெய் தேய்க்கச் சொன்னால் மட்டும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

உன் கம்பெனியில் வேலை பார்க்கிற நம்மூர் ரத்தினசாமி லீவுக்கு வந்தபோது நீ கொடுத்தனுப்பின கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். தெய்வானைக்குத் தாயில்லாத குறைக்குப் பிரசவத்துக்கு நான்தான் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், அதை நீ எழுதவே வேண்டாம், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயமருந்துச் சாமான்களை நான் ஏற்கெனவே இடித்து வைத்துவிட்டேன். அதற்குக் கீழே நீ எழுதியிருக்கிற இன்னொரு விஷயத்துக்குத்தான் இந்தக் கடிதம். பம்பாயில் தெருவில் நடக்கிற எந்தப் பெண்பிள்ளையும் ரவிக்கை இல்லாமல் நடப்பதில்லை, குழந்தை பார்க்க உன் ஆபீஸ்காரர்களின் சம்சாரங்கள் வருவார்கள், ரயிலடியில் இறங்கும்போதே நாலு பேர் பார்ப்பார்கள், அதனால் ரத்தினசாமியிடம் என் அளவை நூல் பிடித்து அனுப்பினால் நீயே இரண்டு ரவிக்கை தைத்து வைப்பாய் என்றும், இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, ஒரு துணிதானே என்றும் எழுதியிருக்கிறாய். நான் கோபப்படவில்லை சாமி. உனக்கு அங்கே ஆபீசுக்குக் கோட்டில்லாமல் போனால் ஹெட்கிளார்க்கு வாசலிலேயே திருப்பி அனுப்புகிறான் என்று முன்னே எழுதியிருந்தாய், அப்படிப்பட்ட ஊரில் இருக்கிறவனுக்கு இப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த ஒரு துணிதானே என்கிற பேச்சு சித்திரை மாதத்தில் நம் வீட்டை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு எழுத வேண்டாம் என்று அப்போது உன் அய்யன் தடுத்துவிட்டார். இப்போது எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டதால் எழுதுகிறேன், தெய்வானைக்கும் படித்துக் காட்டு.

உன் தங்கச்சி கமலாத்தாளைத் தை மாதம் வேலந்தாவளத்துச் சின்னையனுக்குக் கொடுத்ததும் நீ லீவில் வந்து நின்று நடத்தினதும் உனக்குத் தெரிந்ததுதான். மாமனார் காலமாகிவிட்ட வீடு, மாமியார் மயிலாத்தாள் வெள்ளைச் சேலைக்காரி, தங்கமான குணம்தான், ஆனால் மாமனாருடைய அண்ணன் நாச்சிமுத்துக் கவுண்டர் அதே வளவில் அடுத்த வீட்டில் இருக்கிறார், அந்த வளவில் உள்ள பங்காளி வீடுகள் அத்தனைக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். நம் கமலம் சித்தூரில் உன் மாமன் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ரவிக்கை போடுகிறாள். அங்கே இருந்த மலையாளத்து டீச்சர் ரவிக்கை இல்லாத பிள்ளைகளை வகுப்பில் உட்கார விடமாட்டாள், அப்படிப் பழகிப் பழகி அது அவளுக்கு உடம்போடு சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது. கல்யாணத்தின்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, புதுப்பெண் என்று விட்டிருப்பார்கள். சித்திரையில் ஊர் மாரியம்மனுக்குப் பொங்கல் சாட்டினார்கள். மயிலாத்தாள் மாவிளக்கு எடுக்கக்கூடாதவள் ஆகிவிட்டதால் அந்த வீட்டு விளக்கு கோயிலுக்குப் போயே வருஷங்கள் ஆகியிருந்தது, மருமகள் வந்துதான் எடுக்க வேண்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். மாவிடித்து விளக்குப் பிடித்து எல்லாம் ஆனபிறகு நாச்சிமுத்துப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, நம் வளவில் எந்தப் பெண்பிள்ளையும் ரவிக்கை போட்டுக்கொண்டு அம்மன் முன்னால் நின்றதில்லை, அதைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கை எடுக்கச் சொல் என்று மயிலாத்தாளிடம் சொல்லியிருக்கிறார். கமலம் எதிர்த்துப் பேசவில்லை. என்னால் முடியாதுங்க அத்தை என்று ஒரே சொல் சொல்லிவிட்டு உள்வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். இந்த வருஷமும் அந்த வீட்டு விளக்கு போகவில்லை. ஊரெல்லாம் புது மருமகள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள், பெரியவருக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. மறுநாள், வீட்டு வழக்கம் தெரிகிற வரைக்கும் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று சொல்லி, பண்ணையத்து ஆளை வண்டி ஓட்டச் சொல்லி அவளைப் பெட்டியோடு இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். சின்னையன் கூட வரவில்லை.

பெட்டியோடு வந்து இறங்கினதைப் பார்த்ததும் வாசலிலேயே நிறுத்தி என்ன என்று கேட்டேன். விஷயத்தைக் கேட்டதும் உன் அய்யன் முதலில் சிரித்தார், பிறகு கோபம் வந்து, இதற்காகவா ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு வருவாள், நாளைக்கே வண்டி பூட்டுகிறேன், போய்ச் சொன்னபடி கேட்டு நட என்று சத்தம் போட்டார். நானும் அதையேதான் சொன்னேன். நானும் என் அம்மாளும் அவள் அம்மாளும் ரவிக்கையைக் கண்டதில்லை, மாராப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு பழனிக்குப் போயிருக்கிறோம், பாலக்காட்டுக் கோர்ட்டு வாசலில் நின்றிருக்கிறோம், எங்களுக்கு என்ன மானம் போய்விட்டது, ஒரு துணிதானே, கழற்றி வைத்துவிட்டுப் போ அம்மிணி என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, நாளைக்கு ஒருத்தர் வந்து உன்னைய ரவிக்கை போட்டாத்தான் சோறுன்னு சொன்னா, போடுவியா?" என்று கேட்டாள். நான் போடமாட்டேன், எனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லிவிட்டேன், யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "எனக்குக் கழட்டினா மூச்சு முட்டுதும்மா" என்றாள். மறுநாள் வண்டி பூட்டப் போன உன் அய்யனை நானே தடுத்துவிட்டேன்.

அப்படியே வைகாசி பிறந்தது. அவள் பாட்டுக்குப் பருத்தி எடுக்க வந்தாள், தண்ணீர் சேந்தினாள், யார் கேட்டாலும் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்றாள். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா, திருப்பி அனுப்பிவிட்டார்களாம் என்ற பேச்சு கிணற்றடிக்கு வந்துவிட்டது. அதுகூடப் பொறுத்துக்கொள்வேன். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வந்த உன் அய்யன் ஒரு நாள் முகம் செத்துப்போய் வந்து உட்கார்ந்தார். பெரியவர் பொள்ளாச்சிப் பக்கத்தில் ஓர் இடத்தில் சின்னையனுக்கு இரண்டாவதாகப் பெண் கேட்டு ஆள் விட்டிருக்கிறார் என்று சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குக் கமலம் ஒரு வாய்ச் சோறு இறக்கவில்லை, அழவும் இல்லை. நீ லீவு போட்டு வா என்று உனக்குத் தந்தி அடிக்கலாமா என்றுகூட உன் அய்யன் கேட்டார். ஆண்பிள்ளைகள் போனால் பெரியவரோடுதான் பேசுவீர்கள், அது சண்டையில்தான் முடியும், நானே போய் மயிலாத்தாளைப் பார்க்கிறேன் என்றேன். போய் என்ன சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. எத்தனை யோசித்தாலும் கமலம் என்னைக் கேட்ட கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. சரி, அதையே செய்துபார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

ரயிலடிக்குப் பக்கத்தில் மிஷின் போட்டிருக்கிற மீராசா ராவுத்தரிடம் துணி கொண்டுபோய் ஒரு ரவிக்கை தைக்க வேண்டும் என்றேன். மகளுக்குத்தானே, அவள் அளவு இருக்கிறது என்றார். எனக்கு என்றதும் மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் கூப்பிட்டுத் தன் சம்சாரத்தை விட்டு அளவெடுக்கச் சொன்னார். வேலந்தாவளத்துச் சந்தை நாளாகப் பார்த்து அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கமலம் பார்த்துவிட்டு, வேண்டாம் அம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அய்யன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆளை அனுப்பாமல் தானே வண்டியைப் பூட்டிக்கொண்டு நிற்கிறார். என்ன சொல்லட்டும் ஈஸ்வரமூர்த்தி, கக்கத்தில் பிடித்தது, கையைத் தூக்கினால் முதுகில் இழுத்தது, வேர்வை வடிந்தது, அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சந்தைக்குப் போகிற ஒவ்வொருத்தரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. தெரிந்த பெண்பிள்ளைகள் வண்டியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேல் முழுக்கத் துணியைப் போட்டுக்கொண்டு இருக்கிறவளுக்கு ஒன்றுமே இல்லாமல் சந்தையில் நிற்கிற மாதிரி உடம்பு கூசினது. பாதி வழியில் இறங்கி ஒரு மரத்தடியில் அதை அவிழ்த்து எறிந்துவிடலாமா என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தப் பிள்ளை உள்வீட்டில் உட்கார்ந்திருந்தது எப்படி என்று எனக்குச் சரியாகப் புரிந்தது.

வளவு வாசலில் பெரியவர் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாங்க என்றுகூடச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் அய்யன் வண்டியிலேயே இருந்துகொண்டார், நான் நேரே உள்ளே போனேன். மயிலாத்தாள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து அப்படியே அரிவாள்மணையை விட்டு எழுந்துவிட்டாள். "ஏனுங்க சம்பந்தி, இந்த வயசுல உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்றாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசினேன். "வர்ற வழியெல்லாம் எனக்கு உசுரு போயிட்டு வந்துதுங்க. பழக்கமில்லாத எனக்குப் போட்டா இப்புடி இருக்குதே, பழகினவளுக்குக் கழட்டினா எப்புடி இருந்திருக்கும்? அதை வாயில சொன்னா உங்களுக்கு வெளங்காதுன்னுதான் போட்டுட்டு வந்தேனுங்க" என்றேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். என் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள், தையலைத் தடவிப் பார்த்தாள், எங்கே பிடிக்கிறது என்று கேட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, "ஒருக்காக் குடுங்க, நானும் போட்டுப் பாக்கறேன்" என்றாள்.

அவள் ஒல்லி, எனக்குத் தைத்தது அவள் மேல் கோணிச் சாக்கு மாதிரி தொங்கினது. அதோடு நின்று உலக்கை பிடிக்கிற மாதிரி கையை ஓங்கிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வெளியே கேட்டுவிடும் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் குதிருக்குப் பக்கத்திலே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். புருஷன் போன அன்றைக்கு அவள் கையிலும் கழுத்திலும் இருந்ததை எடுத்து, இனி இந்த நிறம்தான் உடுத்த வேண்டும் என்று வெள்ளையைக் கொண்டுவந்து போட்டார்களே, அதைச் சொல்லி அழுதாள். "இதைப் போடோணும், இதைப் போடக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. உனக்கு எப்புடி இருக்குதுன்னு இந்த வளவுல யாரும் என்னைய ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க" என்றாள். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. நானும்தான் கேட்டதில்லை, சம்பந்தி என்று வெற்றிலை மாற்றிக்கொண்டதோடு சரி.

பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, ரவிக்கையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, எப்போதும் போல முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் கதவோரம் நின்றுகொண்டேன். பெரியவரின் கட்டிலுக்கு எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள், ஆனால் குரல் வண்டியில் இருந்த உன் அய்யனுக்கும் கேட்டிருக்கிறது. "எம் மருமவ எப்புடி இருக்கறாளோ அப்புடியே வரட்டுமுங்க. எங்க ஊட்டு விளக்கு இன்னொரு வருசம் போகாம இருக்கக் கூடாதுங்க. பொள்ளாச்சிக்கு விட்ட ஆளைத் திரும்பி வரச் சொல்லிருங்க" என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், வந்தபோது போட்டிருந்ததைக் காணோமே என்று உன் அய்யன் பார்த்தார். ஊர் எல்லை தாண்டினபிறகுதான் முடிஞ்சுதா என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

வைகாசி கடைசியில் சின்னையன் தானே வண்டி ஓட்டிக்கொண்டு கூப்பிட வந்தார். மாப்பிள்ளை என்று நான் விட்டுவிடவில்லை. கோயம்புத்தூருக்குச் சட்டை போட்டுக்கொண்டு போகிறீர்கள், கோயில் வாசலில் கழற்றிக்கொள்கிறீர்கள், உங்களை யாராவது பெட்டியோடு அனுப்பினார்களா, பெண்டாட்டியை அனுப்பும்போது வாயில் என்ன இருந்தது என்று கேட்டேன். பெரியப்பன் முன்னால் பேசிப் பழக்கம் இல்லை அத்தை என்றார். அப்படியானால் இனிமேல் பழகிக்கொள்ளுங்கள் என்றேன். கமலமும் உடனே கிளம்பிவிடவில்லை, மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று அவரிடம் வெகு நேரம் என்னவோ கேட்டாள், அவர் தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகுதான் வண்டியில் ஏறினாள். எல்லாம் நேராகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். பெரியவர் இன்னும் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை, சொல்ல வேண்டியதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறார். பங்காளி வீட்டுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் கமலத்திடம் தைத்துக்கொள்ள மாதிரிக்கு ஒரு ரவிக்கை ரகசியமாகக் கேட்டிருக்கிறார்களாம், இன்னும் இரண்டு பேர் அவளோடு பேசுவதில்லை. அடுத்த சித்திரையில் விளக்கு எடுக்கும்போது என்ன நடக்குமோ அதை அப்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கமலத்தை ஆடிக்கு அழைத்து வந்துவிடுவோம், நான் ஊரில் இல்லாவிட்டாலும் உன் அய்யன் போய்க் கூட்டி வருவார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உடுப்பு ஒரு பெரிய விஷயமா என்று எல்லோரும் லேசாகச் சொல்கிறார்கள். பெரிய விஷயம் இல்லை என்றால் அடுத்தவரை மாற்றச் சொல்ல ஏன் இத்தனை பாடு? நீ ஆபீசுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும், அது அவர்கள் இடம், அவர்கள் சம்பளம். தினமும் முகம் வழித்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை என்று அழுக்கு வேட்டியோடு கடைத்தெருவுக்குப் போகாதே, ரத்தினசாமி சொன்னான். அதெல்லாம் சுத்தம், அதை நான் கேட்டு வாங்குவேன். ஆனால் ரவிக்கை போடச் சொல்லி நூல் அளவு கேட்டாயே, அதை நான் அனுப்பவில்லை. என் மகளுக்காக ஒரு நாள் போட்டேன், அது போதும். நான் வந்து இறங்கினபிறகு உன் ஆபீஸ்காரர் வீட்டுப் பெண்பிள்ளைகள் வந்தால் முந்தானையை இரண்டு தோளும் மூடப் போர்த்திக்கொள்கிறேன், அது எனக்குக் கஷ்டமில்லை, உன்னைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. அதற்குமேலும் யாராவது கேட்டால், அம்மா அப்படித்தான் என்று சொல்லிவிடு. அதையும் சொல்ல உனக்கு வராது என்றால் ஒளிக்காமல் ஒரு கார்டு போடு, நான் வருத்தப்படாமல் காயமருந்தை மட்டும் ரத்தினசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். தெய்வானையிடமும் ஒரு வார்த்தை கேள், அவளுக்கு என் கை வேண்டுமா, ரவிக்கை வேண்டுமா என்று.

கார்டு வராவிட்டால், ரத்தினசாமி லீவு முடிந்து திரும்புகிற வண்டியிலேயே நானும் வருகிறேன், போத்தனூரில் மாறி ஏறுவதெல்லாம் அவன் பார்த்துக்கொள்கிறான். செவலையைக் கறக்க உன் அய்யன் இரண்டு நாளாக என் சேலையைச் சுற்றிக்கொண்டு பழகிப் பார்க்கிறார், நேற்று அரைப்படி கறந்துவிட்டார், இதை நீ அவருக்கு எழுதிவிடாதே. தெய்வானையை மாடிப்படி ஏறி இறங்க விடாதே, வெந்நீரில்தான் குளிக்க வேண்டும், ராத்திரி முருங்கைக்கீரை வேண்டாம். மாரியம்மன் துணையால் தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டாகப் பிரிந்து, நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு இருக்க வேண்டும். ரயிலடிக்கு நீயே வா, ஆளை அனுப்பாதே, பெரிய ஊர், எனக்குப் பயமாக இருக்கும். கூட்டத்தில் என்னைத் தேடி நீ சிரமப்பட வேண்டியதில்லை, நீ இங்கிருந்து போனபோது எப்படிப் பார்த்தாயோ அப்படியேதான் இறங்குவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
காளியாத்தாள்.